வாரம் ஒரு பென்னி: ஜான் வெஸ்லியின் வாழ்க்கைக் கணக்கு



மார்ச் மாதம் வந்தாலே வங்கியில் வேலை பார்த்தவனுக்கு ஒரு படபடப்பு வந்துவிடும். ஆண்டுக் கணக்கு முடிக்க வேண்டும், லெட்ஜரும் டே புக்கும் டேலி ஆக வேண்டும், நிலுவைகளுக்குக் காரணம் எழுத வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் படபடப்பு எனக்கு முழுவதும் போகவில்லை. இந்தக் காலாண்டு இதழுக்கு யாருடைய வாழ்க்கையை எழுதலாம் என்று யோசித்தபோது, சாவதற்கு ஏழெட்டு மாதம் முன்பு வரை தன் கைப்படக் கணக்கு எழுதி வந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் இறந்ததும் ஒரு மார்ச் மாதத்தில்தான்.

அவர் பெயர் ஜான் வெஸ்லி. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த கிறிஸ்தவ போதகர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். அவர் நம் நாட்டுக்கு வந்ததில்லை. ஆனால் சென்னை ராயப்பேட்டைப் பக்கம் போனவர்கள் வெஸ்லி பெயர் தாங்கிய தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். இதை ஒரு மதப் பிரசாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணத்தைக் கொடுப்பதையும் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாழ்வதையும், ஜெபம், உபவாசம் போல அன்றாடம் செய்ய வேண்டிய ஆன்மிகப் பயிற்சியாகவே எண்ணிய ஒரு மனிதரின் கதை இது. சந்தா வசூல் செய்யும் சங்கம் நடத்தும் நமக்கு இதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

கடனில் பிறந்த வீடு

வெஸ்லி 1703-ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் எப்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா சாமுவேல் அந்த ஊர் ஆயர். அம்மா சூசன்னா. பிறந்த குழந்தைகள் 19. வளர்ந்து ஆளானவர்கள் 10 பேர்தான். ஆயருக்குப் படிப்பு உண்டு, பக்தி உண்டு, வரவு செலவு மட்டும் கைவரவில்லை. 1705-இல் கடனைக் கட்ட முடியாமல் லிங்கன் கோட்டைச் சிறையில் சில மாதங்கள் இருந்தார். ஜானுக்கு அப்போது 2 வயது. கணக்கில் அவர் பிற்காலத்தில் காட்டிய கறாருக்கு வேர் எங்கே என்று கேட்டால், இந்த வீட்டில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1709 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு வீடு தீப்பற்றியது. எல்லோரும் வெளியே ஓடிவந்த பிறகு எண்ணிப் பார்த்தால் ஐந்து வயது ஜானைக் காணவில்லை. மாடி ஜன்னலில் நிற்கிறான். ஏணி கொண்டுவர நேரமில்லை. அக்கம்பக்கத்தார் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று குழந்தையை இழுத்து எடுத்தார்கள். அடுத்த நிமிடம் கூரை இடிந்து விழுந்தது. அண்டை வீட்டார் தோள் கொடுத்ததால்தான் தான் உயிரோடு இருக்கிறோம் என்பதை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

இங்கே நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு வருகிறது. 1706-இல் டென்மார்க் அரசர் அனுப்பி நம் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு இளம் போதகர்களைப் பற்றிய நூலொன்று சூசன்னாவின் கையில் கிடைத்தது. 1711, 1712 வாக்கில் அதைப் படித்த அவர் மனம் மிகவும் அசைந்துபோனது. கடல் கடந்து போய் அந்நியர்களுக்காக அவர்கள் இவ்வளவு பாடுபடும்போது, என் வீட்டுப் பிள்ளைகளுக்காக நான் என்ன செய்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அன்று முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலை என்று ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார். ஜானுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை. வாரம் ஒரு முறை ஒருவர் நம்மை உட்காரவைத்து, எப்படி இருக்கிறாய் என்று விசாரிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எட்டு வயதில் தெரிந்துகொண்ட பையன், பிற்காலத்தில் அதையே ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஏற்பாடு செய்தார். அது பின்னால் வருகிறது.

இருபத்தெட்டு பவுண்டு

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த வெஸ்லி, 1726-இல் அங்கேயே லிங்கன் கல்லூரியில் ஆசிரியப் பதவி பெற்றார். தம்பி சார்லஸும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு சிறு குழுவாகக் கூடினார்கள். வேதம் படிப்பது, உபவாசம் இருப்பது, சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது, ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி என்று எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துச் செய்தார்கள். மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் மெதடிஸ்ட். எதையும் ஒரு முறைப்படி செய்பவர்கள் என்று பொருள். கேலிப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் பல ஆண்டுகள் கழித்து ஒரு பிரசங்கத்தில் எழுதினார். தன் அறைச் சுவருக்குச் சில படங்கள் வாங்கி மாட்டியிருக்கிறார். கடுங்குளிர். ஏழைச் சிறுமி ஒருத்தி மெல்லிய துணி ஒன்றை மட்டும் உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறாள். ஏதாவது கொடுக்கலாம் என்று பையில் கை விட்டால் மிச்சம் மிகக் கொஞ்சம்தான். அவளைப் போர்த்தியிருக்க வேண்டிய பணம் தன் சுவரை அலங்கரித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. ஆடம்பரம் தவறு என்று யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. கொடுக்க மனமிருந்தும் கையில் பணம் இல்லாமல் போனதுதான் பாடம்.

இன்னொரு பிரசங்கத்தில், ஆக்ஸ்ஃபோர்டு மெதடிஸ்ட் இளைஞர் ஒருவரின் கணக்கு என்று பெயர் சொல்லாமல் ஒன்றை எழுதியிருக்கிறார். அது அவருடைய சொந்தக் கணக்குதான் என்று பலரும் கொள்கிறார்கள். முதல் ஆண்டு வருமானம் 30 பவுண்டு, செலவு 28, கொடுத்தது 2. அடுத்த ஆண்டு வருமானம் 60, செலவு அதே 28, கொடுத்தது 32. மூன்றாம் ஆண்டு வருமானம் 90, செலவு 28, கொடுத்தது 62. நான்காம் ஆண்டு 120, செலவு 28, கொடுத்தது 92.

நான் பி.காம். படித்தவன். வாழ்நாள் முழுதும் பிறர் கணக்கைப் பார்த்தவன். சம்பளம் கூடும்போது செலவும் கூடவே ஏறுவதைத்தான் எத்தனையோ பாஸ்புக்கில் பார்த்திருக்கிறேன், என்னுடையதும் சேர்த்து. வரவு நான்கு மடங்காகியும் செலவு வரி அசையாமல் நிற்கும் கணக்கு ஒன்றுகூட என் கவுண்டருக்கு வந்ததில்லை.

கடல் கடந்த தோல்வி

இவ்வளவு ஒழுங்கான மனிதர் என்றால் வாழ்க்கை நேர்கோட்டில் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். 1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போதகராகப் போனார். வழியில் கடும்புயல். கப்பலில் ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள். மொரேவியர் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவக் கூட்டத்தார் பெண்கள் குழந்தைகளோடு அமைதியாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒற்றுமையும் தைரியமும் தனக்கு இல்லையே என்று அவர் ஏங்கினார். ஜார்ஜியாவில் அவருடைய கண்டிப்பு மக்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு காதல் விவகாரமும் கசப்பில் முடிந்து, வழக்கு வரை போனது. இரண்டு ஆண்டில் மனம் உடைந்து ஊர் திரும்பினார்.

1738 மே 24 மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு விருப்பமில்லாமல் போனவருக்கு, அங்கே மனத்தில் ஒரு விசித்திரமான இதமும் நம்பிக்கையும் பிறந்தன. கடவுளின் அன்பு தன் முயற்சிக்குக் கிடைத்த கூலி அல்ல, இலவசமாகக் கிடைத்தது என்று உணர்ந்தார். அதற்குப் பிறகும் அவர் கொடுப்பதை நிறுத்தவில்லை. முன்பு ஏதோ பாக்கி அடைப்பவர்போல் கொடுத்தார். இப்போது வாங்கியவர் பகிர்வதுபோல் கொடுத்தார்.

தேவாலயங்கள் பல அவருக்குக் கதவை மூடின. 1739 ஏப்ரலில், 35 வயதில், பிரிஸ்டல் நகருக்கு வெளியே திறந்தவெளியில் பேசத் தொடங்கினார். சுரங்கத் தொழிலாளிகள், கப்பல் கூலிகள், வேலைக்காரப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டு குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றினார். மொத்தப் பயணம் சுமார் 4 லட்சம் கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள்.

பிரிஸ்டல் கடன்

இப்போது நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

பிரிஸ்டலில் கூடுவதற்கு 1739-இல் ஒரு கட்டடம் கட்டினார்கள். பெயர் நியூ ரூம். இன்றும் அது இருக்கிறது. கட்டடம் எழுந்தது, கூடவே கடனும் எழுந்தது. நம் சங்கத்தில் லிப்ட் மாற்றியபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கும், விளக்கத் தேவையில்லை. 1742 பிப்ரவரி 15 அன்று கடனை எப்படி அடைப்பது என்று கூட்டம் போட்டார்கள். ஃபாய் என்ற கப்பல் கேப்டன் எழுந்து, ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார். அந்தக் காலத்தில் 240 பென்னி சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஆண்டுக்கு 52 பென்னி என்றால் ஒரு பவுண்டில் கால்வாசியைவிடக் கொஞ்சம் குறைவு. அதையும் கொடுக்க முடியாத பரம ஏழைகள் நம்மில் பலர் இருக்கிறார்களே என்று இன்னொருவர் ஆட்சேபித்தார்.

அதற்கு ஃபாய் சொன்ன பதில்தான் எல்லாவற்றையும் மாற்றியது. மிக ஏழைகளான 11 பேரை என் பெயரில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை நானே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கொடுக்க முடிந்தால் வாங்கிக்கொள்கிறேன். முடியாவிட்டால் அவர்களுக்காகவும் நானே போடுகிறேன். நீங்களும் ஆளுக்கு 11 அண்டைவீட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் அவர் யோசனையின் சாரம்.

அப்படியே செய்தார்கள். வாரா வாரம் கதவைத் தட்டினார்கள். பென்னி வசூலானது. ஆனால் கதவு திறந்தபோது வேறு பலவும் தெரியவந்தன. ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டை. இன்னொரு வீட்டில் குடித்துவிட்டுக் கிடக்கிறார். இதை வசூலுக்குப் போனவர்கள் வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். இத்தனை நாளாக நாம் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. ஆயிரம் பேர் பிரசங்கம் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பென்னிக்காகப் போனவருக்குத் தெரிகிறது.

வீடு வீடாகப் போவதில் சிக்கல்களும் இருந்தன. நேரம் அதிகமாகிறது. வேலைக்காரர்களாக இருந்தவர்களை எஜமானர் வீட்டில் போய்ப் பார்க்க வசதியில்லை. இருவருக்குள் மனத்தாங்கல் என்றால் நேருக்கு நேர் உட்கார்ந்தால்தான் தீரும். ஆகவே 12 பேரும் வாரம் ஒரு முறை ஓரிடத்தில் கூடட்டும் என்று மாற்றினார்கள். இதற்கு கிளாஸ் என்று பெயர். பள்ளி வகுப்பு என்று எண்ண வேண்டாம், பிரிவு என்ற பொருளில் வந்தது. தலைவர் ஒவ்வொருவரையும் இந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்பார். பென்னியும் அங்கேயே சேரும். தலைவர்களில் பெண்களும் இருந்தார்கள். காலாண்டுக்கு ஒரு முறை உறுப்பினர் சீட்டு புதுப்பிக்கப்பட்டது. எப்வொர்த் வீட்டின் வியாழக்கிழமை மாலை, இங்கிலாந்து முழுதும் பரவியது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கிறிஸ்தவ ஆன்மிகம் ஒருவர் தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு செய்யும் காரியமல்ல என்பது வெஸ்லியின் உறுதியான எண்ணம். ஐக்கியம் இல்லாமல் கொடுத்தால் அது வெறும் தர்மம். கொடுக்காமல் ஐக்கியம் என்றால் அது வெறும் பேச்சு. இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் வர வேண்டும் என்று பிரிஸ்டல் கடன் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

வட்டியில்லாக் கடன்

லண்டனில் அவர்களுக்கு இருந்த இடம், பழைய பீரங்கி வார்ப்புச் சாலை ஒன்று. 1746-இல் அங்கே ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார். முதல் 5 மாதங்களில் 500-க்கும் மேற்பட்டோர் பயன்பெற்றார்கள். அருகிலேயே ஆதரவற்ற விதவைகளுக்கு வீடு எடுத்தார்கள். வெஸ்லியும் மற்ற போதகர்களும் லண்டனில் இருக்கும் நாட்களில் அந்த விதவைகளோடு ஒரே மேசையில், அதே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

வங்கிக்காரனான என்னை மிகவும் கவர்ந்தது அதே ஆண்டு அவர் தொடங்கிய கடன் நிதி. சிறு தொழில் செய்பவர்கள் அவசரத்துக்கு அடகுக்கடைக்குப் போய் மாட்டிக்கொள்வதைப் பார்த்தார். வசதியானவர்களிடம் கேட்டுச் சுமார் 30 பவுண்டு சேர்த்தார். ஒருவருக்கு அதிகபட்சம் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. வாரத் தவணை. 3 மாதத்தில் முடித்துவிட வேண்டும். ஒன்றரை ஆண்டில் 255 பேர் பயன்பெற்றதாக அவரே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நான் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 18 மாதத்தில் 3 மாதச் சுற்று 6 வரும். 30 பவுண்டு 6 முறை சுற்றினால் 180 பேருக்கு முழுத்தொகை கொடுக்கலாம். 255 என்றால், பலர் ஒரு பவுண்டுக்கும் குறைவாக வாங்கியிருக்க வேண்டும், வாரத் தவணை பணம் உடனுக்குடன் மறுபடி வெளியே போயிருக்க வேண்டும். முக்கியமாக, வாராக் கடன் அதிகம் இருந்திருக்க முடியாது. ஜாமீன் சொத்து கிடையாது. வாங்கியவரை வாரா வாரம் பார்த்து நலம் விசாரிக்கும் 11 பேர்தான் ஜாமீன்.

பிற்காலத்தில் உச்சவரம்பு 5 பவுண்டானது. 1775 வாக்கில் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தொழிலாளி பழைய புத்தகக் கடை போட இந்த நிதியில் வட்டியில்லாமல் 5 பவுண்டு வாங்கினார். அவர் லண்டனின் மிகப் பெரிய புத்தக வியாபாரிகளில் ஒருவராக உயர்ந்தார். பிறகு தன் சுயசரிதையில் மெதடிஸ்டுகளைக் கிண்டலும் செய்தார். கடன் வாங்கிய கதையை மட்டும் மறைக்காமல் எழுதினார், அந்த வரைக்கும் நல்லது.

நிதியைக் கையாளும் பொறுப்பாளர்களுக்கு வெஸ்லி எழுதிய விதிகளில் ஒன்றை நம் சங்க அலுவலகச் சுவரில் மாட்டலாம். உதவி கேட்டு வருபவரிடம் கடுஞ்சொல் கூடாது, கடும்பார்வைகூடக் கூடாது. கொடுக்க முடியாவிட்டாலும் அவர் மனம் நோகாமல் அனுப்ப வேண்டும்.

கணக்கில் வந்த குறைகள்

அவர் குறையில்லாத மனிதர் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். 1751-இல் ஒரு விதவையை மணந்தார். ஓயாத பயணமும், எல்லோருடைய கஷ்டத்தையும் கடிதத்தில் விசாரிக்கும் பழக்கமும் வீட்டில் சந்தேகத்தையும் சச்சரவையும் வளர்த்தன. கடைசியில் பிரிந்தார்கள். 1781-இல் மனைவி இறந்த செய்தி அவருக்கு அடக்கம் முடிந்த பிறகே கிடைத்தது. ஊராருக்கெல்லாம் ஐக்கியம் அமைத்துக் கொடுத்தவர் வீட்டில் இரண்டு பேருக்கு அது அமையவில்லை.

சிக்கனத்தில் சில சமயம் வேடிக்கையான அளவுக்கும் போவார். 1746-இல், தேநீர்ச் செலவை ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று முதலில் தானே தேநீரை நிறுத்தினார். மூன்று நாள் காலை முதல் இரவு வரை தலைவலி. காலை காபி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த நாம் அவருக்காக இரக்கப்படலாம். பல ஆண்டு கழித்து மருத்துவர் சொல்லி மறுபடி குடிக்க ஆரம்பித்தார்.

இதற்குள் அவர் நூல்கள் நன்றாக விற்று, பெரும் பணம் வந்தது. 1776-இல் வரித்துறையினர், இவ்வளவு பெரிய மனிதர் வெள்ளிப் பாத்திரங்களை மறைத்து வைத்திருப்பார் என்று சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டார்கள். லண்டனில் இரண்டு வெள்ளி ஸ்பூன், பிரிஸ்டலில் இரண்டு, என்னிடம் உள்ள வெள்ளி அவ்வளவுதான், சுற்றிலும் பலர் ரொட்டிக்கு இல்லாமல் இருக்கும்போது மேற்கொண்டு வாங்கப்போவதில்லை என்று பதில் எழுதினார்.

பணத்தைப் பற்றி அவர் மூன்று விதிகள் சொல்வார்: யாருக்கும் தீங்கில்லாமல் முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை மிச்சம் பிடி, முடிந்தவரை கொடு. வயதான காலத்தில் அவரை மிகவும் வருத்தியது இந்த மூன்றாவது விதிதான். குடியை விட்டு, உழைத்து, சிக்கனமாக இருந்த மெதடிஸ்டுகள் வசதியானவர்களாகிவிட்டார்கள். முதல் இரண்டு விதிகளை அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். மூன்றாவதைக் கடைப்பிடிப்பவர்கள் மிகச் சிலரே என்று கடைசி ஆண்டுகளின் பிரசங்கங்களில் அவர் மனம் நொந்து பேசினார். தான் உண்டாக்கிய நல்ல பழக்கங்களே பணத்தை உண்டாக்கி, அந்தப் பணம் கதவுகளை மூடவைக்கிறது என்று கண்டார்.

கணக்கு முடிப்பு

1785 ஜனவரி. வயது 81. ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில் ஏழைகளுக்குக் கரியும் ரொட்டியும் கொடுப்பது வழக்கம். இந்த முறை அவர்களுக்கு உடையும் தேவை என்று தெரிந்தது. நான்கு நாட்கள் லண்டன் தெருக்களில் நடந்தே போய்க் கையேந்தி 200 பவுண்டு சேர்த்தார். உருகிய பனி கணுக்கால் வரை. காலை முதல் மாலை வரை பாதம் பனித்தண்ணீரில். முடிவில் கடுமையான வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். நாடறிந்த மனிதர், ஒரு கடிதம் எழுதியிருந்தால் பணம் வந்திருக்கும். அவர் கதவைத் தட்டவே போனார்.

1790 ஜூலையில் கணக்குப் புத்தகத்தை மூடினார். முடிந்ததை மிச்சம் பிடித்து முடிந்ததை, அதாவது உள்ளது அனைத்தையும், கொடுத்துவிடுகிறேன் என்ற திருப்தி இருக்கிறது, இனிக் கணக்கு எழுதப்போவதில்லை என்ற கருத்தில் கடைசியாகக் குறித்தார். 1791 மார்ச் 2 அன்று லண்டனில் தன் 87-ஆம் வயதில் காலமானார். சவ ஊர்வலத்துக்கு வண்டி வேண்டாம், ஆறு ஏழைகள் தூக்கட்டும், ஆளுக்கு ஒரு பவுண்டு கொடுங்கள் என்று உயிலில் எழுதியிருந்தார். அப்போது 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மெதடிஸ்ட் உறுப்பினர்களாக இருந்தார்கள்.

நம் கதவுகள்

ஒரு விஷயத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் நம் சங்கத்தின் பொருளாளராக இருந்தேன். ஆரம்பத்தில் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். மூட்டு வலி, பாதி வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள், ஆனாலும் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பெரியவர் தனியாக இருக்கிறார் என்பது தெரியும். பிறகு போனிலேயே பணம் அனுப்பும் வசதி வந்தது. வசூல் 5-ஆம் தேதிக்குள் முடிந்துவிடும். பைசா பிசகாது. நானே பெருமையாக அறிவித்தேன்.

அந்தக் காலத்தில்தான் ஒரு வீட்டில் மூன்று மாதப் பாக்கி நின்றது. இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. விதிப்படி நிலுவைப் பட்டியலில் வீட்டு எண்ணைப் போட்டு லிப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். அடுத்த மாதம் அந்தக் குடும்பம் பாக்கியை முழுதும் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காலி செய்துபோனது. அவருக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது என்று வாட்ச்மேன்தான் பிறகு சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. என் கணக்கு டேலி ஆகிவிட்டது. வெஸ்லியின் கதையைப் படித்தபோது, அந்த ஃபாய் என் இடத்தில் இருந்திருந்தால் அந்தக் கதவைத் தட்டியிருப்பார் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போனில் பணம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. அது நல்ல வசதி. ஆனால் நம் பிளாக்கில் தளத்துக்கு 6 வீடு. இரண்டு தளம் சேர்ந்தால் 12. தன் வீட்டோடு மற்ற 11 வீட்டையும் மாதம் ஒரு முறை நேரில் எட்டிப் பார்க்க ஒருவர் முன்வந்தால் போதும். பாக்கி கேட்க அல்ல, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க. அவசரத்தில் இருப்பவருக்குச் சத்தமில்லாமல் உதவ ஒரு சிறு நிதியையும் சங்கம் யோசிக்கலாம். வரும் பொதுக்குழுவில் இதை முன்வைக்கப்போகிறேன்.

மூன்றாவது, நான்காவது தளங்களுக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் வீட்டு மணி அடித்தால் அது நானாக இருக்கலாம். ரசீதுப் புத்தகம் கையில் இருக்காது. கதவைத் திறங்கள்.